வடிகஞ்சியோடு போகும் சத்து

ஏக்கருக்கு ஒரு மூட்டை நெல் கூடுதலாகக் கண்டுவிட வேண்டுமென்று நமது குடியானவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. விதையைத் தேர்ந்தெடுப்பதும், நாற்றங்காலுக்குத் தொழு உரம் இடுவதும், மேலுரத்தைத் தவணையாகப் பகுத்துப் போடுவதும் எல்லாம் அதன்பொருட்டே. ஆனால் அவ்விதம் விளைத்த நெல் வீடு வந்து சேர்ந்தவுடன் ஆண்மக்களின் கவனம் அதனை விட்டு அகன்றுவிடுகிறது. அதற்குமேல் நடப்பது அடுப்படிக் காரியம் என்று இருந்துவிடுகிறார்கள். அந்த நெல்லின் சாரத்தில் எவ்வளவு பங்கு உண்பவர் வயிற்றுக்குப் போகிறது, எவ்வளவு பங்கு தவிட்டு மூட்டையிலும் கழுநீர்த் தொட்டியிலும் வடிகஞ்சியிலும் போய்ச் சேருகிறது என்று கணக்குப் பார்ப்பவர் மிகச் சிலரே.

விவசாயப் பத்திரிகையில் சமையல் விஷயத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை உண்டு. சோற்றின் சத்து அடுப்பில் மட்டும் கெடுவதில்லை. களத்திலும், நெல் புழுக்கும் அண்டாவிலும், அரவை ஆலையிலும் அது முன்னதாகவே பாதி தீர்மானமாகிவிடுகிறது. அந்த இடங்களெல்லாம் நிலச்சுவான்தாரின் கட்டளைக்கு உட்பட்டவை. அடுப்படியில் உள்ள பெண்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

நெல்லின் மேலே உமி, அதற்கு அடுத்தாற்போல் மெல்லிய தவிட்டுப் படலம், ஒரு முனையில் முளை, நடுவே மாவுப்பகுதி. மாவு உடம்புக்கு உழைக்கும் பலத்தைத் தரும். ஆனால் அந்த மாவு உடம்பில் சரிவரச் செலவாவதற்கு வேண்டிய தயாமின் என்னும் ஜீவசத்து, அதாவது வைட்டமின் பி1, தவிட்டிலும் முளையிலுமே மிகுதியாக உள்ளது. மல்லிகைப்பூப்போல வெள்ளையாகத் தீட்டிய பச்சரிசியில் மாவு மிஞ்சுகிறது; அதைச் செலவழிக்க உதவும் பொருள் போய்விடுகிறது.

இதன் விளைவு எப்படிப்பட்டது என்பதை உலகம் ஒரு பெருந்துன்பத்தின் வாயிலாகவே அறிந்தது. பெரிபெரி என்னும் வியாதியில் கால்கள் மரத்துப்போகும். சிலருக்கு உடம்பு வீங்கும். இருதயம் தளர்ந்து உயிர் போவதும் உண்டு. தாய்ப்பாலில் தயாமின் குறைந்தால் கைக்குழந்தைகள் சில நாட்களில் மடிவார்கள். 1890ஆம் ஆண்டுகளில் ஜாவாத் தீவில் ஐக்மன் என்ற டச்சு வைத்தியர், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்தால் அவை தேறிவிடுவதையும் கண்டார். அதன்பின் மலேயாவில் வைத்திய உத்தியோகத்தில் இருந்த பிராடன் என்ற ஆங்கிலேயர் நமக்கு மிகவும் சம்பந்தமுள்ள ஒரு செய்தியைக் கவனித்தார். வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரிடையே பெரிபெரி மலிந்திருந்தது. நம் நாட்டிலிருந்து சென்று புழுங்கலரிசிச் சோறு உண்ட தமிழ்த் தொழிலாளரை அது அநேகமாக அணுகவேயில்லை. பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில், பச்சரிசியில் ஏதோ ஒரு விஷம் உண்டாவதே காரணம் என்று எழுதினார். விஷம் ஒன்றுமில்லை, இருக்கவேண்டியது இல்லாமற் போனதே காரணம் என்பது பிற்பாடு விளங்கிற்று. அந்தப் பொருளை 1926இல் ஜாவாவிலேயே பிரித்தெடுத்தார்கள். 1936இல் அதனைச் செயற்கையாக உண்டாக்கிய அமெரிக்க ரசாயனி ஆர்.ஆர். வில்லியம்ஸ், பழைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர்.

சென்னை மாகாணத்திற்குள்ளேயே இந்தப் பேதம் தெரிந்தது. தெலுங்குக் கடற்கரையைச் சேர்ந்த வட சர்க்கார் ஜில்லாக்களில் தீட்டிய பச்சரிசி வழக்கம். அங்கே பெரிபெரி நிலைத்திருந்தது. புழுங்கல் வழக்கமான தமிழ் ஜில்லாக்கள் அதற்குத் தப்பின. குன்னூர் ஆராய்ச்சிசாலையில் மக்காரிசனும், அவருக்குப் பின் அய்க்ராய்டும் இவற்றையெல்லாம் ஆராய்ந்தார்கள். அந்த ஆராய்ச்சிசாலையே 1958இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டுப் பின்னர் தேசிய போஷாக்கு நிலையமாயிற்று. அங்கிருந்து வெளிவந்த உணவு அட்டவணையின்படி 100 கிராம் அரிசியில் உள்ள தயாமின் அளவு வருமாறு: கைக்குத்தல் புழுங்கலில் 0.27 மில்லிகிராம், ஆலையில் தீட்டிய புழுங்கலில் 0.21, கைக்குத்தல் பச்சரிசியில் 0.21, ஆலையில் தீட்டிய பச்சரிசியில் 0.06. ஆலையில் தீட்டிய புழுங்கலும் கையால் குத்திய பச்சரிசியும் சமமாக நிற்பதைக் கவனிக்க வேண்டும். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து தண்ணீரோடும் சூட்டோடும் மாவுப்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. மாவும் வெந்து இறுகிக் கெட்டிப்படுகிறது. ஆகவே தவிட்டைத் தீட்டினாலும், அரிசியைக் களைந்தாலும், அவ்வளவு எளிதில் சத்து வெளியேறுவதில்லை.

இக்காலத்தில் நம் ஊர்களில் பெரிபெரி அபூர்வம் என்பது உண்மையே. பருப்பும் காயும் பாலும் முன்னைவிடச் சற்றுத் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் மூன்று வேளையும் சோறும் ரசமுமாகக் காலந்தள்ளும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவ்வீடுகளில் எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் மருமகளே பெரும்பாலும் கர்ப்பிணியாகவும் இருக்கிறாள். நமது வீட்டில் அப்படியில்லை என்று சொல்பவர்கள், தம் நிலத்தில் நடவு நடுபவர்களின் தூக்குச்சட்டியைத் திறந்து பார்க்கலாம்.

இனிச் செய்யவேண்டியதைப் பார்ப்போம். புழுங்கல் சோற்றை வேண்டாமென்பவர்கள் சொல்லும் முதற்குறை அதன் வாடை. அந்த வாடை புழுங்கலின் குணமன்று. ஊறப்போட்ட முறையின் பிழை. பச்சைத்தண்ணீரில் இரண்டு மூன்று நாள் நெல்லைப் போட்டுவைத்தால் தண்ணீர் புளித்து நாறும். அந்த நாற்றம் அரிசியில் ஏறிச் சோறு வரையில் வரும். மைசூர் மத்திய உணவு ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த சுடுநீர் முறையில் இந்தத் தொல்லை இல்லை. தண்ணீரைச் சுமார் 85 டிகிரி சூடாக்கிக்கொண்டு அதில் நெல்லைக் கொட்டிக் கிளறினால் இரண்டும் கலந்து 70 டிகிரியளவில் நிற்கும். அண்டாவைச் சாக்கினால் மூடிச் சூடு ஆறாதபடி 3 முதல் 4 மணி நேரம் விட்டு, பதரை அரித்தெடுத்துத் தண்ணீரை வடித்துவிட்டு ஆவியில் வேகவைக்க வேண்டும். உமி இலேசாக வாய்திறந்தால் போதும். அதற்குமேல் வெந்தால் அரிசி கறுத்துப் போகும்.

காயப்போடுவதிலேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். சித்திரை வெயிலில் சிமெண்டுக் களத்தில் ஒரே மூச்சாய்க் காயவைத்தால் மேல்புறம் சுண்டி உள்ளே ஈரம் நின்று மணியில் வெடிப்பு விழும். ஆலையில் அது நொய்யாகும். நொய் மிகுந்த அரிசி உலையில் குழையும். குழைவதைக் கண்டு கஞ்சியை அதிகமாக வடிப்பார்கள். களத்தில் செய்த பிழை அடுப்பில் வந்து முடிவதற்கு இது ஒரு உதாரணம். முக்கால் காய்ச்சலானவுடன் குவித்து மூடிச் சில மணி நேரம் விட்டு, உள்ளீரம் வெளியே வந்தபின் மறுபடி பரப்பிக் காயவைப்பதே முறை. நூற்றுக்கு 14 பங்கு ஈரம் நிற்கையில் அரைத்தால் முழு அரிசி அதிகம் கிட்டும்.

அரவைக்குக் கொடுக்கும்போது “நன்றாய் வெள்ளையாகத் தீட்டு” என்று சொல்லும் வழக்கத்தை விடவேண்டும். ஒரு தீட்டுக் குறைந்தால் எடையும் கூடும். தவிடு ஒட்டிய அரிசி நாள்பட்டால் சிக்குவாடை கொள்ளும், வண்டும் சீக்கிரம் விழும் என்பது மெய்யே. ஆகையால் ஆறு மாதத்து அரிசியை ஒரே தடவையாக அரைத்துவைக்காமல், நெல்லாகவே வைத்திருந்து, மாதம் ஒருமுறையோ பதினைந்து நாளுக்கு ஒருமுறையோ வேண்டியமட்டும் அரைத்துக்கொள்வது சிலாக்கியம். தவிட்டை ஆலையில் விட்டுவிட்டு வராமல் வீட்டுக்குக் கொண்டுவருவதும் அவசியம். அதன் காரணத்தைப் பின்னால் சொல்லுகிறேன்.

அடுத்தது அரிசி களைதல். நாலு தண்ணீர், ஐந்து தண்ணீர் என்று கை ஓயத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் தெளிந்து வந்தாலொழிய விடாத வீடுகள் உண்டு. பச்சரிசியில் மிஞ்சியிருந்த சொற்பச் சத்தில் கணிசமான பங்கு இந்தக் கழுநீரோடு போகிறது. ஆனால் மண்ணும் தூசியுமுள்ள அரிசியைக் களையாதே என்று யார் சொல்ல முடியும்? ஆகவே இதற்கும் பரிகாரம் களத்தில்தான் இருக்கிறது. தார்ப்பாய் விரித்து அடித்து, நன்றாகத் தூற்றி, கல் நீக்கிய நெல்லின் அரிசிக்கு ஒரு தண்ணீரோ இரண்டு தண்ணீரோ போதும். அதையும் தேய்க்காமல் அலசி எடுத்தால் போதும். வண்டுக்குப் பயந்து போரிக் பவுடர் கலந்துவைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அந்த அரிசியை எத்தனை தண்ணீரில் வேண்டுமானாலும் கழுவித்தான் தீரவேண்டும். உண்ணும் அரிசியில் அதைக் கலவாதிருப்பதே மேல். நன்றாய்க் காய்ந்த அரிசியை மூடி இறுகிய தகர டின்னில், வேப்பிலைச் சருகிட்டு வைத்தால் ஒரு மாதத்துக்குப் பங்கமில்லை.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்துக்கு இங்கே ஒரு வார்த்தை. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி மத்திய சர்க்கார் செய்த அறிவிப்பின்படி, ரேஷன் கடைகளுக்கும் பள்ளிச் சத்துணவுக்கும் செறிவூட்டிய அரிசி வழங்கத் தொடங்கினார்கள். அரிசிமாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து மணிகளாகச் செய்து, நூறு மணிக்கு ஒன்று வீதம் கலந்தார்கள். நிறத்தில் சற்று வேறுபட்ட அந்த மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று வதந்தி கிளம்பி, பல ஊர்களில் பெண்கள் முறத்திலிட்டுப் பொறுக்கி எறிந்தார்கள். அதாவது எது குழந்தைகளுக்காகச் சேர்க்கப்பட்டதோ அதையே பொறுக்கி எறிந்தார்கள். இத்தகைய மணிகளைக் கண்டால் ஜனங்களுக்கு விவரம் சொல்வது கிராமத்துப் பெரியவர்களின் கடமை.

இப்போது கஞ்சி வடித்தலுக்கு வருவோம். ஏராளமான தண்ணீரில் அரிசியை வேகவிட்டு, வெந்தபின் தட்டைச் சாய்த்து வடித்துவிடுவது நம் நாட்டு வழக்கம். அரிசியிலிருந்து கரைந்து வந்த பி வகைச் சத்துக்களில் பெரும்பாகம் அந்தக் கஞ்சியில் இருக்கிறது. கஞ்சி மாட்டுத் தொட்டிக்கோ, துணிக்கோ, வாய்க்காலுக்கோ போகிறது. தண்ணீரை அளந்து வைத்து, வடிக்காமல் இமிர விடுவதே இதற்கு மாற்று.

சொல்வது எளிது. இதை முதன்முதல் ஒரு கிராமத்தில் செய்துகாட்டப் போன நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மிராசுதார் வீட்டுக் கொல்லையில் ஊர்ப் பெண்கள் முப்பது பேர் கூடியிருக்க, புத்தகத்தில் கண்டபடி ஒரு படி புழுங்கலரிசிக்கு மூன்று படி தண்ணீர் அளந்து வைத்தேன். மூடியைத் திறந்தபோது சோறு களிபோல ஒரே கட்டியாக இருந்தது. வாயை மூடிச் சிரித்தவர்கள் பலர். அந்த வீட்டு முதியவள் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, தை மாதம் அறுத்த நெல், இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. புது அரிசிக்கு யாராவது இவ்வளவு தண்ணீர் வைப்பார்களா? இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லையா?” என்றாள். நெல்லின் வயதைக் கேளாமல் தண்ணீரை அளந்தது என் தவறு. புது அரிசி தண்ணீரை அதிகம் ஏற்காது, சீக்கிரம் குழையும். ஆறு மாதம் கடந்த அரிசிதான் தண்ணீரை இழுத்து உதிரியாகப் பூக்கும். அன்றே அந்த அம்மாள் சொற்படி அரைப் படி தண்ணீர் குறைத்து மறுபடி வைத்தோம். இரண்டாம் பானைச் சோற்றைக் குறை சொல்ல ஆளில்லை. அந்நாள் முதல் எந்த ஊரிலும் அரிசியின் வயதை விசாரிக்காமல் நான் அடுப்பு மூட்டுவதில்லை.

அநுபவத்தில் கண்ட அளவு இது. பழைய புழுங்கலரிசி ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர், புதிதானால் இரண்டரை. பழைய பச்சரிசிக்கு இரண்டேகால், புதிதானால் இரண்டு அல்லது அதற்கும் சற்றுக் குறைய. ரகத்துக்கு ரகம் வித்தியாசப்படும். ஆதலால் புது மூட்டை பிரித்தவுடன் ஒரு உழக்கு மட்டும் வைத்துப் பார்த்து அளவை நிச்சயித்துக்கொள்வது நலம். அளந்த தண்ணீரிலேயே புழுங்கலரிசியை அரைமணியும் பச்சரிசியைக் கால்மணியும் ஊறவிட்டு, ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே உலை ஏற்றவேண்டும். ஊறிய அரிசிக்கு விறகும் குறையும். கொதி வந்ததும் ஒருமுறை அடியோடு கிளறிவிட்டு, தீயைத் தணித்து, கனமான தட்டால் மூடிவிட வேண்டும். அடிக்கடி திறந்து துழாவினால் மணி உடைந்து குழையும். தண்ணீர் மேலே தெரியாமல் வற்றியவுடன் விறகை இழுத்துவிட்டுத் தணலில் பத்து நிமிஷம் மூடியபடியே விட்டால் அடிச்சோறும் மேற்சோறும் ஒன்றாக இமிர்ந்து நிற்கும். கேஸ் அடுப்பாயின், அணைத்துவிட்டு அப்படியே மூடிவைத்தாலும் போதும். பிரஷர் குக்கரில் சமைப்பவர்கள் இதே பலனை அடைகிறார்கள். அவர்கள் முன்னதாக அரிசியைக் களைவதில் மட்டும் மிதமாயிருந்தால் சரி.

சர்க்கரை வியாதிக்காரர்கள் கஞ்சியை வடிப்பதே நல்லதென்று ஒரு அபிப்பிராயம் பரவியிருக்கிறது. வடிப்பதால் மாவில் ஒரு சிறு பங்கு குறைகிறதேயன்றி, இலையில் விழும் சோறு பெரும்பாலும் மாவாகவே இருக்கிறது. வடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வதில் பயன் ஒன்றுமில்லை. அவர்கள் குறைக்கவேண்டியது சோற்றின் அளவை. கூட்டவேண்டியது பருப்பையும் காய்கறியையும்.

கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் பெரிய அண்டாவில் சமைக்கும்போது வடிக்காமல் இருப்பது அனுபவ சாத்தியமன்று. அடி பிடித்து மேலே வேகாமல் நிற்கும். அவ்விடத்தில் வடித்தே தீரவேண்டும். வீட்டிலும் வடித்த சோறுதான் வேண்டும் என்று முதியவர்கள் பிடிவாதம் செய்தால் அவர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டுவதில்லை. கஞ்சியை வீணாக்காமலிருந்தால் போதும். உப்பும் மோரும் சேர்த்துக் காலையில் களத்துக்குப் போகும் ஆட்களுக்குக் கொடுக்கலாம். பருப்பு வேகவைக்கவும், குழம்புக்கும் ரசத்துக்கும் தண்ணீருக்குப் பதிலாகவும் உபயோகிக்கலாம். குழம்பு கெட்டியாகவும் இருக்கும். இரவு மிஞ்சிய சோற்றில் பச்சைத்தண்ணீர் ஊற்றுவதற்குப் பதில் ஆறிய கஞ்சியையே தண்ணீரில் கலந்து ஊற்றலாம். மறுநாள் பழையதை உண்பவர் அந்த நீராகாரத்தையும் குடித்துவிட வேண்டும். அதைக் கொட்டிவிட்டுச் சோற்றை மட்டும் பிழிந்து எடுப்பது மறுபடியும் கஞ்சி வடித்ததற்கே சமானம்.

பருப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பருப்பு வேகவில்லை என்று சோடா உப்புப் போடுவது பல வீடுகளில் பழக்கம். பருப்பு வெந்துவிடும், தயாமின் அழிந்துவிடும். வேகாததற்குக் காரணம் பெரும்பாலும் கிணற்றின் கடினமான தண்ணீர், அல்லது சூட்டிலும் ஈரக்காற்றிலும் நாள்பட வைத்த பயறு. தண்ணீரை முன்தினமே கொதிக்கவைத்துத் தெளியவிட்டு மேலாக எடுத்து உபயோகித்தால் அதன் கடினம் ஓரளவு தணியும். மழைத்தண்ணீர் சேமித்தவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. புளியைப் பருப்பு நன்றாக மசிந்த பிறகே சேர்க்க வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் எவ்வளவு எரித்தாலும் பருப்பு விறைத்தே நிற்கும். கோயமுத்தூர்ப் பக்கத்தில் துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்து உடைக்கும் வழக்கமுண்டு. அந்தப் பருப்பின் ருசியை அறிந்தவர்கள் கடைப்பருப்பை எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கீரையை நறுக்கிய பிறகு கழுவாமல், கழுவிய பிறகு நறுக்க வேண்டும். சிறிது தண்ணீர் தெளித்து மூடி வேகவைத்து, இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிந்தால் கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு நன்றாக ஏற்கும். உண்ட கையோடு தேநீர் குடித்தால் அது தடைப்படும். கொல்லையில் ஒரு முருங்கையும் ஒரு எலுமிச்சையும் வைத்திருப்பவருக்கு இதில் செலவு யாதும் இல்லை.

கழுநீரும் கஞ்சியும் குறைந்தால் மாட்டுக்கு என்ன வைப்பது என்று போகுமிடமெல்லாம் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே, கறவை மாடு வைத்திருப்பவர் கேட்காமல் இருக்க மாட்டார். ஆலையிலிருந்து தவிட்டைக் கொண்டுவரச் சொன்னது இதற்காகத்தான். தொட்டியில் கலங்கிய கழுநீரைக் காட்டிலும் அந்தத் தவிட்டில் மாட்டுக்கு வேண்டிய புஷ்டி எத்தனையோ மடங்கு அதிகம். உமி கலவாத புதுத் தவிடாக, நாலைந்து நாளுக்குள் செலவாகும் அளவுக்கு வாங்கி, பிண்ணாக்கோடு சேர்த்து நனைத்து வைத்தால் கறவையே அதற்குச் சாட்சி சொல்லும். அரவைக் கூலிக்கு ஈடாகத் தவிட்டை விட்டுக்கொடுக்கும் வழக்கமுள்ள ஊர்களில், கூலியைப் பணமாகக் கொடுத்துவிட்டுத் தவிட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.